யாரை நம்ப வைக்க இந்தக் காணொளிகள்?

கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம், கயத்தாறு பக்கத்து இளைஞர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒரு வாரம் விடாமல் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். ஒரு வாள், ஒரு சிங்கம், மெதுவாக நடந்து வரும் ஒரு கூட்டம், காதைப் பிளக்கும் உறுமி. கொடியின் நிறமும் தலைவரின் பெயரும் மட்டும் சாதிக்குச் சாதி மாறும். எனக்குத் தெரிந்த எடிட்டர் பையன் ஒருவன், எதிரும் புதிருமாக நிற்கும் மூன்று சாதிக்காரர்களுக்கும் இதைச் செய்து கொடுக்கிறான். அவனிடம் இருப்பது ஒரே டெம்ப்ளேட். பெயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நம் காலத்துச் சாதியைப் பற்றி நான் படித்த பல ஆய்வுக் கட்டுரைகளை விட அந்தச் சிரிப்பு தெளிவாக இருந்தது.

நானும் நான்கு ஆண்டுகளாகக் கைப்பேசியில் மூன்று நிமிடக் காணொளிகள் எடுக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வு மாணவன். இந்தக் கரிசல் பக்கத்து வாய்மொழி வரலாறுதான் ஆய்வுப் பொருள். பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்கும் எடுக்கச் சொல்லித் தருகிறேன். பயிற்சி எளிமையானது. நீ எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய், அதை நம்பாதவனிடம் சொல். கடைசிச் சொல்லில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஏற்கெனவே நம்புகிறவர்களிடம் பேசுவதற்கு எல்லோருக்கும் வருகிறது. சொந்தத் தெருப் பையன்கள் ஐந்நூறு பேர் தீக்குறி போட்டால் வென்றுவிட்டதாக நினைக்கிறோம். எதிர்த் தெருவில் ஒருவன் கூட அதைக் கடைசி வரை பார்த்திருக்க மாட்டான்.

பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி எடுக்கப்பட்டதிலேயே வெற்றி பெற்ற பிரச்சாரப் படம் எது என்று கேட்டால், 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்பேன். அதற்கு மூலமாக இருந்தது ம.பொ.சி.யின் ஆய்வு. அதே கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று சொல்லித் தமிழ்வாணன் தனிப் புத்தகமே எழுதினார். ஆனால் படத்துக்கு முன்னால் புத்தகம் நிற்கவில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில் சிவாஜி கணேசன் சிலை வைத்தார். 1974இல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் புதிதாக ஒரு கோட்டையைக் கட்டியது. 1801இல் வெள்ளையர் தரைமட்டமாக்கிய பழைய மண்கோட்டையின் அடித்தளம் பக்கத்திலேயே கிடக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் புதுக்கோட்டையின் முன் நின்றுதான் செல்ஃபி எடுக்கிறார்கள். படம் வரலாற்றை வென்ற கதைக்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அந்தப் படத்தின் வரி வசனத்தைப் பேசாத பள்ளிக்கூட ஆண்டுவிழா எங்கள் பக்கம் கிடையாது. வயல்வேலை எதையாவது நீ செய்திருக்கிறாயா, பிறகு எதற்கு வரி என்று வெள்ளைக்காரனைக் கேட்கிற வசனம் அது. நல்ல கேள்வி. ஆனால் எங்கள் மண்ணில் நின்று கேட்டால் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. இது மானாவாரி. பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை நம்பி விதைக்கிற பூமி. ஆற்றுப்பாசன நஞ்சை நிலத்தின் வேலைகளைக் கரிசல்காட்டில் தேடினால் கிடைக்காது. இது சின்னச் சங்கடம். பெரிய சங்கடம், அந்தக் கேள்வியைப் பாளையக்காரரை நோக்கி யாரும் கேட்பதில்லை என்பது. காட்டில் குனிந்து வேலை செய்தவர்கள் யார்? செத்த மாட்டைத் தூக்கியவர்கள் யார்? கோட்டைக்கு மண் சுமந்தவர்கள் யார்? நாட்டார் கதைப்பாடல்களில் பகடைகளின் பெயர்கள் இருக்கின்றன. கவர்னகிரி சுந்தரலிங்கம் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து மாண்டார் என்ற கதையை எங்கள் ஊர்க் கிழவிகள் பார்த்தது போலச் சொல்வார்கள். வெள்ளித்திரைக்கு வெளியே அந்தப் பெயர்கள் பட்ட பாடு வேறு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒரு தாழ்த்தப்பட்டவன் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டங்களே பற்றி எரிந்தன. அதே ஆண்டில், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஒரு பெயரைச் சகிக்க முடியாதவர்களிடம்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்வினையாக நம் பையன்களும் வாளையும் சிங்கத்தையும் எடுக்கிறார்கள். நாங்களும் ஆண்டோம் என்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. அவமானப்படுத்தப்பட்டவன் தன் பாட்டனின் வீரத்தைப் பேசுவதும், அடித்தவன் தன் பாட்டனின் வீரத்தைப் பேசுவதும் ஒன்றாகிவிடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'ஆண்ட பரம்பரை' என்ற சொல்லுக்குள் ஆளப்பட்ட ஒருவன் எப்போதும் காலடியில் கிடக்கிறான். நம் காணொளியில் அந்த இடத்தில் யாரைப் போடப் போகிறோம்? சக்கிலியத் தெருவையா? ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே அருந்ததியர் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை எதிர்த்துக் காணொளி போடுகிறவர்களின் பின்னணி இசையும் அந்த உறுமிதான்.

நான் எடுத்ததில் ஓரளவு வேலை செய்த ஒன்றைச் சொல்கிறேன். இட ஒதுக்கீடு பற்றியது. தகுதி, திறமை என்று கிண்டலடிக்கிற ஒரு இடைநிலைச் சாதி மாணவனை மனதில் வைத்து எடுத்தேன். அம்பேத்கர் படம் போடவில்லை, பறை அடிக்கவில்லை. ஒரு மேசை, அதன் மேல் ஒரு சாதிச் சான்றிதழ். பெயரை மறைத்திருந்தேன்; 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்ற வரி மட்டும் தெரியும். பிறகு எண்கள். தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20. பட்டியல் சாதிக்கு 18, பழங்குடியினருக்கு 1. கூட்டிப் பார்த்தால் 69இல் 50 யாருடையது? 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றபோது பெரியார் தெருவில் இறங்கியதும், அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததும், 1994இல் 76ஆவது திருத்தம் மூலம் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்பதாம் அட்டவணைக்குப் போனதும் அந்த 50ஐயும் சேர்த்துக் காப்பாற்றத்தான். இவ்வளவுதான் காணொளி. கடைசியில் 'உன் வீட்டு பீரோவில் இருக்கிற சான்றிதழை எடுத்துப் பார்' என்று முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் பேசினான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. முதலில் கெட்ட வார்த்தை. பிறகு, "அண்ணே, நாங்க வாங்குறது வேற, அவங்க வாங்குறது வேற" என்றான். எப்படி வேறு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "எங்களுக்குத் தர்றது ஏழ்மைக்காக" என்றான். உன் சான்றிதழில் வருமானம் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்றேன். போனை வைத்துவிட்டான். மறுநாள் மறுபடி அழைத்தான். நாற்பது நிமிடம் பேசினோம். அவன் மாறிவிட்டான் என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால், 'கோட்டாக்காரன்' என்று வகுப்பில் ஒருவனைச் சொல்லும்போது இனி உறுத்தும் என்று அவனாகவே சொன்னான். உறுமி அடித்திருந்தால் அவன் போன் செய்திருக்க மாட்டான், கெட்ட வார்த்தையோடு நிறுத்தியிருப்பான்.

அடுத்தது ஆண்டுகள், தேதிகள். இதில் என் மாணவர்கள் என்னை ஒரு தலைமை எழுத்தர் போலப் பார்க்கிறார்கள். பரவாயில்லை. மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021 ஏப்ரலில் வந்தது. எங்கள் பக்கத்துக் கொடியன்குளத்தின் நினைவு அந்தப் படம் முழுக்க இருக்கிறது. கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தது 1995 ஆகஸ்ட் 31, அப்போது அ.தி.மு.க. ஆட்சி. படம் கதை நடக்கும் காலத்தை 1997 என்று காட்டியது, அது தி.மு.க. ஆட்சிக் காலம். உதயநிதி ஸ்டாலின் அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். அதற்கும் விமர்சனம் வந்தது. கற்பனைக் கதைக்கு எதற்குத் தேதி என்று கேட்கலாம். கேட்டார்கள். ஆனால் அந்த வாரம் முழுவதும் நடந்த விவாதத்தைத் திரும்பிப் பாருங்கள். கிணற்றைக் குடிக்க முடியாமல் நாசம் செய்ததையும், டிவியையும் தையல் மிஷினையும் உடைத்ததையும், படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வளைகுடா போகிறவர்களின் பாஸ்போர்ட்டுகளையும் தேடித் தேடி அழித்ததையும் பேசியவர்களை விட, எந்த ஆட்சி என்று பேசியவர்களே அதிகம். வன்முறையை மறைக்க நினைப்பவனுக்கு ஒரு எண் போதும், அதையே பிடித்துக்கொண்டு தொங்குவான். அவன் கையில் அந்தக் கயிற்றை நாம் ஏன் தர வேண்டும்?

சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஏன் தேடினார்கள் என்பதை ஒரு பாட்டி எனக்கு விளக்கினார். அந்தப் பதிவு என் வன்தட்டில் இருக்கிறது, வெளியிடவில்லை. கேமராவை வைத்ததும், "யய்யா, மூஞ்சியப் போடாத, பேரன் போலீஸுக்கு எழுதியிருக்கான்" என்றார். போலீஸால் சான்றிதழ் எரிந்த வீட்டின் பேரன் போலீஸ் தேர்வு எழுதுகிறான். இதை வைத்து உருக்கமான மூன்று நிமிடம் எடுத்துவிடலாம். பாட்டி பேசியதை எழுத்தாக மட்டும் ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன், ஊர்ப்பெயர் இல்லாமல்.

நாம் யாரை முன்னால் நிறுத்திப் பேச வைக்கிறோம் என்பதைத்தான் இயக்கங்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன். கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை பிறந்த ஊர் நாங்குநேரி. அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும், உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த மாணவன் காணொளி எதுவும் எடுக்கவில்லை. பள்ளியில் தனக்கு நடந்ததை ஆசிரியர்களிடம் சொன்னான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல் என்று பரிந்துரைகள் இருக்கின்றன. கயிற்றை வாசலில் நின்று அறுத்துவிடலாம். பையன் பைக்குள் இருக்கிற போனில் ஓடுகிற கயிற்றை எந்தத் தலைமையாசிரியர் அறுப்பார்? அந்தப் போனுக்குள் நாமும் போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் முகத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போகலாமா என்பதுதான் கேள்வி. சென்னையில் இருந்துகொண்டு 'தைரியமாகப் பேசுங்கள் தோழர்' என்று சொல்கிறவர்கள், எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணல் 1936இல் லாகூரில் பேச அழைக்கப்பட்டு, உரையை மாற்றச் சொன்னபோது மறுத்து, பேச முடியாமலே போன அந்த உரையைச் சொந்தக் காசில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழாக்கிக் குடி அரசில் வெளியிட்டார். இதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அதில் காந்தியின் மறுப்பைச் சேர்த்துப் போட்டு, அதற்குப் பதிலையும் எழுதினார். எதிராளியின் வாதத்தைத் தன் சொந்தப் புத்தகத்தில், தன் சொந்தச் செலவில் அச்சடிக்கிற துணிச்சல் அது. மாணவர்களிடம் இப்போது நான் வைக்கிற ஒரே கட்டாய விதி இதிலிருந்து எடுத்ததுதான். மூன்று நிமிடத்தில் முப்பது வினாடி எதிர்த்தரப்பு பேச வேண்டும், அவனே பார்த்தாலும் 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி. பலருக்கு இது பிடிக்கவில்லை. அவனுக்கு ஏண்ணே நாம மைக் குடுக்கணும் என்கிறார்கள். ஒரு பையன் இதற்காகவே மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்; இப்போது சிங்கத்தோடு இருக்கிறான்.

இந்த மாதம் எடுக்க வேண்டியது முதுகலை படிக்கும் ஒரு தங்கையின் காணொளி. அவள் நம்பிக்கை: கல்யாணத்தைச் சாதி முடிவு செய்யக் கூடாது. எதிர்த்தரப்பாக அவள் எழுதியிருக்கும் முப்பது வினாடி அவளுடைய சொந்த அப்பாவின் பேச்சு. அவ்வளவு நேர்மையான எழுத்தை என் துறைக் கருத்தரங்குகளில் நான் கேட்டதில்லை. முகம் வேண்டாம், கைகளை மட்டும் எடுப்போம் என்றேன். "குரலு?" என்று கேட்டாள். சுற்றிப் பத்து ஊரில் அவள் குரல் தெரியாதவர் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து கட்டபொம்மன் வசனம் பேசிப் பரிசு வாங்கியவள். வேறு யாராவது பேசட்டும் என்றதற்கு, "அப்ப அது என் நம்பிக்கைன்னு எப்படிண்ணே சொல்ல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் அம்மாவிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி, எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தாள் இன்னும் வரவில்லை.