பத்து லட்சமும் மூன்று லட்சமும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் கூலி வேலை செய்த தலித் மக்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என அரசு அறிவித்தது. அதே மாதக் கடைசியில் சாத்தூர் அருகே பந்துவார்பட்டி பட்டாசு ஆலை வெடித்து நால்வர் இறந்தனர். அந்தக் குடும்பங்களுக்கு 3 லட்சம். உழைத்துச் செத்தவனுக்கு மூன்று, குடித்துச் செத்தவனுக்குப் பத்தா என்று நம் மாவட்டத்திலும் பேசினார்கள்.

மூன்று லட்சம் போதாது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்பதற்குக் கருணாபுரத்துப் பிணங்களை ஏன் ஏச வேண்டும்? நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பக்கத்திலேயே சாராயம் விற்றவர்களை விட்டுவிட்டோமே! டாஸ்மாக் வரிசையில் எல்லாச் சாதியாரும்தான் நிற்கிறார்கள். ஊர்த்தெருவில் ஒருவர் குடித்தால் அவருக்குக் கெட்ட பழக்கம். காலனியில் ஒருவர் குடித்தால் காலனிக்கே கெட்ட பெயர்.

இந்த ஏச்சுக்குப் பயந்தே நோயை மறைக்கிறார்கள். பல ஆண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பும் வரும். உராய்ந்தாலே வெடிக்கும் மருந்தைக் கையாளுகிறவர், கை நடுங்குகிறது என்று போர்மேனிடம் சொல்வாரா? வேலை போய்விடும். நடுக்கத்தை அடக்கக் காலையிலேயே ஒரு கட்டிங் போடத் துணிவார்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளே, அப்பாவை அழைத்துப் போகும்போது வாசலில் தெருக்காரர் யாராவது நின்றால் ஒளிய வேண்டாம். அவரும் அதற்காகத்தான் வந்திருப்பார்.