வயசு கூடக் கூட விலையும் கூடுது: பிளேஸ்டேஷன் 5 கணக்கு ராமநாதபுரத்தில் எங்கே இடிக்குது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். இதற்காக ஒரு மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு வருஷத்துக்கு ஒருமுறை தரும் நிவாரணம் ரூ.8,000. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் ரூ.5,000-லிருந்து உயர்த்தி அறிவிக்கப்பட்ட தொகை இது.

2024 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம், டிஸ்க் போடும் மாடலின் விலை ரூ.54,990. கிட்டத்தட்ட ஏழு வருஷ நிவாரணத் தொகை. ஒரு கன்சோல் தலைமுறையின் ஆயுளும் ஏறக்குறைய ஏழு வருஷம்தான்.

"அவங்க கேம் மெஷின் வாங்கலைன்னா இப்ப என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கரையில் மீன்பிடி மட்டும் இல்லை. ராமநாதபுரத்தில் வங்கி வேலை, பரமக்குடியில் கடை, கீழக்கரையில் சபர் போய் வளைகுடாவில் சம்பாதிப்பவர்களின் வீடுகள் என்று எல்லா வகை வருமானமும் இருக்கிறது. முதல் சம்பளத்தில் இ.எம்.ஐ போட்டு ஒரு பிஎஸ் 5 வாங்கிடலாமா என்று யோசிக்கும் 25 வயசுக்காரர்கள் இங்கேயும் உண்டு. "கொஞ்ச நாள் பொறு, விலை குறையும்" என்பதுதான் அவர்களுக்கு இத்தனை நாளாகச் சொல்லப்பட்ட அட்வைஸ். அந்த அட்வைஸ் இப்போது செல்லாது.

பழைய கணக்கு என்ன?

கன்சோல் வியாபாரத்தின் அடிப்படை எளிமையானது. பெட்டியை அடக்க விலைக்கோ, அதற்கும் கீழேயோ விற்பது. லாபத்தை கேம்களில் எடுப்பது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்றுமே தங்கள் மெஷினில் மற்ற நிறுவனங்கள் விற்கும் ஒவ்வொரு கேமிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் லாபம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார்.

இந்தக் கணக்கின் இரண்டாம் பாதிதான் நமக்கு முக்கியம். வருஷம் போகப் போக சிப் சின்னதாகும், தயாரிப்புச் செலவு குறையும், விலையைக் குறைக்கலாம். பிஎஸ் 2 இதற்கு நல்ல உதாரணம். 2000-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது. 2002-ல் 199, 2004-ல் 149, 2009-ல் 99 டாலர். தயாரிப்பு நின்றது 2013 தொடக்கத்தில். மொத்தம் 15 கோடிக்கும் மேல் விற்றது. முதல் வருஷம் வாங்க முடியாதவர் நாலாவது வருஷம் வாங்கினார், அப்போதும் முடியாதவர் ஒன்பதாவது வருஷம் வாங்கினார்.

விலையைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும்? 2011-ல் நின்டெண்டோ 3டிஎஸ் 249 டாலருக்கு வந்து தடுமாறியது. அரை வருஷத்துக்குள் 169 டாலராகக் குறைத்தார்கள். கடைசியில் 7.5 கோடிக்கு மேல் விற்றது.

இப்போ ஏன் தலைகீழ்?

பிஎஸ் 5 டிஜிட்டல் எடிஷன் 2020-ல் அமெரிக்காவில் 399 டாலர். 2025 ஆகஸ்டில் அதே மெஷின் 499 டாலருக்கும் மேல். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-ல் தொடங்கி 2025 அக்டோபரில் 649 டாலருக்கு வந்தது. ஐந்து வயசான மெஷின், புதுசாக இருந்ததைவிட விலை கூட!

காரணங்கள் மூன்று. ஒன்று, சிப்பைச் சிறிதாக்கினால் செலவு குறையும் என்ற பழைய பலன் இப்போது முன்பு மாதிரி கிடைப்பதில்லை. நவீன சிப் தயாரிப்பே பெரும் செலவு. இரண்டு, அமெரிக்காவில் இறக்குமதி வரி. மூன்று, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் அவற்றின் விலை எகிறியது. கன்சோலுக்கும் மெமரி வேணுமே.

இவ்வளவுக்கும் விற்பனை நிற்கவில்லை. 2025 நடுவிலேயே பிஎஸ் 5 எண்ணிக்கை 8 கோடியைத் தாண்டிவிட்டது. குறைக்காமலே விற்கிறது என்றால் ஒரு நிறுவனம் எதற்காகக் குறைக்க வேண்டும்?

இந்தியாவில் கூடுதல் சுமை என்ன?

2021 பிப்ரவரி 2-ல் பிஎஸ் 5 இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் ரூ.49,990, டிஜிட்டல் ரூ.39,990. அன்றைக்கு டாலர் சுமார் 73 ரூபாய். அமெரிக்காவின் 499 டாலரை அப்படியே மாற்றினால் சுமார் ரூ.36,400 தான் வரும்.

இடைவெளியில் வரிக்குப் பெரிய பங்கு. 2018 பட்ஜெட்டில் கன்சோல்களுக்கான சுங்க வரி 10-லிருந்து 20 சதவீதம் ஆனது. அதே வருஷ டிசம்பரில் ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவானது. சுங்க வரி, அதன் மேல் கூடுதல் கட்டணம், அதற்கும் மேல் ஜிஎஸ்டி என்று கூட்டினால், 100 ரூபாய்க்கு இறக்குமதியாகும் பெட்டி சுமார் 144 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் லாபம் அதற்குப் பிறகுதான். 2022 நவம்பரில் இரண்டு மாடலுக்கும் தலா ரூ.5,000 ஏறியது.

ராமநாதபுரத்தில் உண்மையான போட்டி யார்?

எக்ஸ்பாக்ஸ் இல்லை. கையில் இருக்கும் போன். 2016-ல் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிவானது. பிஜிஎம்ஐ மாதிரி கேம்கள் இலவசம். வேறு வேலைக்காக ஏற்கெனவே வாங்கிய போனில், படகுத்துறையில் உட்கார்ந்தபடியே விளையாட முடிகிறது. தனியாக ரூ.55,000 பெட்டியும், ஒரு நல்ல டிவியும் எதற்கு?

அப்படியும் கன்சோல் வாங்கிய தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. பலருக்கு அது பிஎஸ் 2. அது ஓடியதன் ரகசியம் ஊருக்கே தெரியும்: சிப் போட்ட மெஷின், திருட்டு டிவிடி. கேம் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். சோனிக்கோ கேமில் வர வேண்டிய லாபம் போச்சு. 2009-ல் 'தேசி அட்டா', 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று இந்தியாவுக்கென்றே பிஎஸ் 2 கேம்கள் வந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

இன்றைக்குத் திருட்டு டிஸ்க் பிஎஸ் 5-ல் ஓடாது. சோனியின் பெரிய கேம்கள் இங்கே புதுசாக வரும்போது விலை ரூ.4,999. சிறு நகரத்தில் இந்த விலையைத் தாங்க வைக்கும் ஒரே வழி, டிஸ்க் கைமாறுவது. நான் வாங்கி முடிச்சுட்டு நீ விளையாடு, பிறகு வித்துடலாம் என்ற ஏற்பாடு.

அப்போ டிஜிட்டல் எடிஷன் மலிவு இல்லையா?

பெட்டி மலிவு. ஏழு வருஷக் கணக்கில் அப்படி இல்லை.

2024 விலையை வைத்துப் பார்ப்போம். டிஸ்க் மாடல் ரூ.54,990, டிஜிட்டல் ரூ.44,990. வருஷத்துக்கு இரண்டு புது கேம் என்றால் ஏழு வருஷத்தில் 14 கேம், சுமார் ரூ.70,000. டிஜிட்டல் மாடலில் மொத்தச் செலவு சுமார் ரூ.1,15,000. டிஸ்க் மாடலில் ரூ.1,25,000. ஆனால் விளையாடி முடித்த ஒவ்வொரு டிஸ்க்கையும் ரூ.2,500-க்கு விற்க முடிந்தால் (இது ஒரு அனுமானம்தான்), ரூ.35,000 திரும்பி வரும். மொத்தம் ரூ.90,000. மலிவான பெட்டி வாங்கியவருக்குத்தான் ரூ.25,000 கூடுதல் செலவு.

டிஜிட்டலிலும் தள்ளுபடி வரும், பாதி விலைக்குக்கூட கேம் கிடைக்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்வது சோனி. டிஸ்க் என்றால் விலையை நீங்களும் பக்கத்துத் தெரு நண்பரும் பேசி முடிவு செய்கிறீர்கள்.

டவுன்லோட் இன்னொரு சிக்கல். பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தொடுகின்றன. வீட்டில் ஃபைபர் இருந்தால் ஒரே ராத்திரியில் முடியும். தினம் 2 ஜிபி ரீசார்ஜ் மட்டும்தான் என்றால் ஒரே கேமுக்கு 50 நாள். டிஸ்க்கிலும் அப்டேட் இறக்க வேண்டியிருக்கும், இருந்தாலும் பெரும்பகுதி டிஸ்க்கிலேயே வந்துவிடுகிறது.

இனி என்ன ஆகும்?

போகிற திசை டிஸ்க்குக்கு எதிராக இருக்கிறது. பிளேஸ்டேஷனில் விற்கும் முழு கேம்களில் பெரும்பங்கு இப்போதே டவுன்லோட்தான். 2024 நவம்பரில் வந்த பிஎஸ் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் மாட்டவே முடியாது.

உலக அளவில் இது கம்பெனிகளுக்கு லாபம். டிஸ்க் அச்சடிக்கும் செலவு இல்லை, செகண்ட் ஹேண்ட் சந்தையும் இல்லை. 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் அறிவித்திருக்கும் 'ஜிடிஏ 6' மாதிரி ஒரு கேம் வந்தால், விலை ஏறினாலும் பெருநகரங்களில் கன்சோல் விற்கும்.

சிறு ஊர்களின் கதை வேறு. முன்பு இங்கே கன்சோல் வர இரண்டு வாசல் இருந்தது. ஒன்று காலப்போக்கில் குறையும் விலை, மற்றொன்று கைமாறும் டிஸ்க். முதல் வாசல் மூடியாச்சு. இரண்டாவதும் பாதி சாத்தியபடி நிற்கிறது. 2023-ல் இந்திய கேம் தயாரிப்பாளர்களுக்காக 'இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்' தொடங்கிய சோனிக்கு இந்த நாட்டின் மீது ஆசை இருப்பது தெரிகிறது. ஆனால் வாங்குபவர்கள் சென்னை, பெங்களூருவைத் தாண்டி வர வேண்டும் என்றால், புது கேம் விலையை இந்தியச் சம்பளத்துக்கு ஏற்ப வைக்கணும், இல்லை டிஸ்க்கை விட்டு வைக்கணும். ரெண்டும் இல்லாமல் நடக்காது.

சரி, வாங்கலாமா?

விலை குறையும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். பண்டிகைக் கால ஆஃபரில் சில ஆயிரம் குறையலாம், அதுவே நல்ல சான்ஸ். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வருவதாக இருந்தால், சுங்க விலக்கு வரம்பையும், இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் கடலோர ஊரில் மின்விசிறி, போர்ட் பகுதிகளில் உப்புக்காற்றின் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் நண்பர்களில் எத்தனை பேரிடம் டிஸ்க் மாடல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேர் இருந்தால், உங்களையும் சேர்த்து ஒரு கேமின் விலை நான்காகப் பிரியும். ஒருவர்கூட இல்லையென்றால், கையில் இருக்கும் போனே இப்போதைக்குப் போதும்.