டாவோஸ் தெரியும், தாம்பரம் தெரியாது

காசநோய் என்றதும் நம் இலக்கிய அன்பர்களுக்கு ஆல்ப்ஸ் மலைதான் நினைவுக்கு வருகிறது. தாமஸ் மன் 1924-இல் வெளியிட்ட 'மாய மலை' நாவலைத் தொட்டு, பனிச்சரிவு, சாய்வு நாற்காலி, கம்பளிக்குள் தத்துவ விசாரம் என்று எழுதித் தள்ளுகிறார்கள். (அந்நாவலே இந்த மயக்கத்தைப் பகடி செய்கிறது என்பது வேறு விஷயம்.) நோய் கலைஞனுக்கு வாய்த்த தவமாம்! 1948-இல் இந்நோயால் மாண்ட புதுமைப்பித்தனைக்கூட இவர்கள் விட்டுவைப்பதில்லை.

நாம் இதை மறுக்கிறோம். 1917-இல் இராமானுஜன் இங்கிலாந்தின் மென்டிப் மலைச் சானடோரியத்தில் சில காலம் இருந்தார். அதன் மருத்துவர் நம்மூர்ப் பெயர் கொண்ட சௌரி முத்து. பின்னர் மாட்லாக். திறந்த சாளரம், குளிர்காற்று, கணப்பில்லாத அறை. அன்றைய வைத்தியம் அதுதான். குளிர் தாங்கவில்லை என்று இராமானுஜன் கடிதத்தில் முறையிட்டார். தவம் என்று எழுதவில்லை. அவருக்கு வந்தது காசநோய்தானா என்பதே பிற்பாடு ஐயத்துக்குள்ளாயிற்று.

அதே சௌரி முத்துதான் 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். இன்று பலருக்கு அது ஒரு ரயில் நிலையத்தின் பெயர்.

சானடோரியத்தின் பிடரியில் அடி விழுந்ததும் சென்னையில்தான். 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறுசாராரை வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, ஓய்வும் குறைவு, இடமோ நெருக்கடி. ஆயினும் குணமடைந்ததில் பெரிய வேறுபாடில்லை. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. டாவோஸ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியவரை நாம் கண்டதில்லை.

சுவர்கள் தேவையில்லை என்றானபின் சுமை எங்கே போயிற்று? வீட்டுக்குள், பெரும்பாலும் பெண்கள் தலையில். சானடோரியம் படுக்கையும் சோறும் தந்தது. வீட்டில் கூலியும் போய்ச் சோறும் சுருங்குகிறது. எம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறு மாதம் மாத்திரை விழுங்கியதை விடுதித் தோழியரிடமிருந்து மறைத்தே முடித்தாள். அவளிடம் போய் நோயின் அழகியல் பேச நமக்கு நாக்கூசுகிறது.

சிகிச்சை பெறுவோரின் ஊட்டத்துக்கென அரசு 2018-இல் மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கியது. அடுத்த 'மாய மலை' கட்டுரைக்கு உட்காரும் அன்பர், அந்த ஆயிரத்துக்கு எத்தனை நாள் பாலும் முட்டையும் வரும் என்று பக்கத்து மளிகைக்கடையில் ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும்.