இறக்கிப் பார்ப்பதா, மாற்றி விடுவதா?

தா.பழூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஊர் அது. அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாஸிடர் கார் இருக்கிறது. குடும்பத்துக்குச் சோறு போடுவதும் அதுதான். கல்யாணம், காதுகுத்து, நடு ராத்திரியில் கும்பகோணத்து ஆஸ்பத்திரி என்று ஊரின் அவசரங்கள் எல்லாம் அதில்தான் ஏறுகின்றனவாம். போன சித்திரை வெயிலில், ஜயங்கொண்டம் சாலையில், ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டியிருக்கிறார். எஞ்சின் ஒரு முனகல் முனகி நின்று விட்டது.

ஊர் மெக்கானிக், "போர் பண்ணி விடலாம்" என்கிறார். மச்சினரோ, "எதுக்கு மச்சான் தொல்லை? சென்னைப் புதுப்பேட்டையிலே வேற எஞ்சின் வாங்கி மாட்டிடுங்க" என்கிறார். ஐ.டி.ஐ. படித்த மகன், "யாரும் வேண்டாம்ப்பா, நானே பிரிச்சு நானே பூட்டறேன்" என்று ஸ்பானரும் கையுமாக நிற்கிறான். யார் பேச்சைக் கேட்பது என்பது வாசகரின் கேள்வி.

மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், மூன்றும் தப்பாகவும் இருக்கலாம். ஏனென்றால் மூவரில் ஒருவராவது இன்னும் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை! நாடி பிடிக்காமலே ஒருவர் கஷாயம் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார்.

பிரிக்காமலே தெரிந்து கொள்ளக் கூடியவை சில உண்டு. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சூடேறி நின்ற வண்டியில் அநேகமாக ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட் வளைந்திருக்கலாம், விரிசலும் விட்டிருக்கலாம். எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. சுற்றினால் பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று குறைந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குற்றம் பிஸ்டன் ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லி விடலாம். கேஸ்கட்டோடு போகிற நோய்க்கு எஞ்சினையே மாற்றுவது, தலைவலிக்குத் தலையை மாற்றுகிற கதைதான்.

எஞ்சினைப் பிரித்த பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக் அல்ல, அளவுகோல். 1489 சி.சி. அம்பாஸிடர் எஞ்சினின் சிலிண்டர் அகலம் புதிதில் சுமார் 73 மில்லிமீட்டர். இரும்பு பிளாக் ஆகையால் தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பத்து தவ், இருபது, முப்பது, நாற்பது என்று நாலு படி. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராங்க்கையும் இதே மாதிரி படிப்படியாகக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். உங்கள் எஞ்சின் ஏற்கெனவே எந்தப் படியில் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முந்திய சொந்தக்காரர்கள் நாற்பதையும் தின்று தீர்த்திருந்தால், ஸ்லீவ் போடாமல் அடுத்த போர் பேச்சுக்கே இடமில்லை. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கின் விலாவைக் குத்திக் கிழித்திருந்தாலும் அப்படியே. அப்போது மச்சினர் ஜெயித்தார்!

மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "சின்னப் பையன், கெடுத்து விடுவான்" என்று பயந்திருக்கிறீர்கள். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893-1974) ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கியதும் செய்த காரியம் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றியதுதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டத் தொடங்கியவரும் அவரே. ஆனால் ஒன்று: நாயுடு கழற்றியது தம் மோட்டார் சைக்கிளை, அதை நம்பி ஒரு வீட்டு உலை காத்திருக்கவில்லை.

ஆகவே வேலையைப் பங்கு போட்டுக் கொள்ளுங்கள். இறக்குவது, பிரிப்பது, கழுவுவது, திரும்பப் பூட்டுவது பையனுடைய பங்கு. எஞ்சின் இரண்டு நெல் மூட்டைக்கு மேல் கனம். வேப்பங்கிளையில் தாம்புக் கயிற்றைப் போட்டு இழுக்கிற சாகசம் வேண்டாம். செயின் பிளாக்கை வாடகைக்கு எடுங்கள். கழற்றிய பேரிங் மூடிகள் எது எந்த இடத்தியது என்று குறித்து வைக்கட்டும், ஒன்று மாறினாலும் கிராங்க் இறுகி விடும். போரிங், கிராங்க் கடைசல், ஹெட் மட்டம் செய்வது இம்மூன்றும் மெஷின் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். புது ரிங்கை மாட்டுவதற்கு முன் சிலிண்டருக்குள் நுழைத்து அதன் வாய் இடைவெளியைப் பார்ப்பது பையனுடைய பொறுப்பு. 0.2-லிருந்து 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட்டைப் பூட்ட விடாதீர்கள். கைக்கணக்கில் இறுக்கிய ஹெட் மறு சித்திரைக்குத் தாங்காது.

வேறு எஞ்சின் வாங்குவதானாலும் கண் மூடி வாங்கலாகாது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸிடர் தயாரிப்பு 2014-லேயே நின்று விட்டது. உங்கள் 1489 சி.சி. எஞ்சினோ அதற்கு வெகு காலம் முன்பே வழக்கொழிந்தது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஓடிய எஞ்சினுக்குச் சகோதரன் இது. பரம்பரை பெரிது, வாரிசுதான் இல்லை. ஆகவே புதுப்பேட்டையில் கிடைப்பது உடைத்த வண்டியிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அது ஓடிக் கேட்க உங்களுக்குக் கொடுத்து வைக்காது. பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஆயில் சம்ப்பையும் ஹெட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடைக்காரரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இல்லாவிட்டால், தம் வீட்டு வியாதியைக் கொடுத்துவிட்டு அயல் வீட்டு வியாதியைக் காசு கொடுத்து வாங்கின கதையாகும்.

அதோடு சட்டமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறதல்லவா? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, எஞ்சினை மாற்றுவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். மாற்றியபின் 14 நாளைக்குள் தெரிவித்துப் பதிவையும் திருத்திக் கொள்ள வேண்டும். விற்பவர் ரசீதில் நம்பரை எழுதித் தரத் தயங்கினால் அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து எப்படி வந்ததோ! பழைய பிளாக்கையே வைத்துக்கொண்டு போர் செய்தால் நம்பரும் மாறாது, இந்த அலைச்சலும் கிடையாது.

என் அபிப்பிராயம் இதுதான்: பிளாக்கும் கிராங்க்கும் அளவில் தேறினால் போர் செய்யுங்கள். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும், பட்டறைச் செலவுக்கான சீட்டையும் எஞ்சின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டி ஓடாமல் நிற்கிற நாட்களின் வாடகையையும் அதில் கூட்டிக் கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்தில் முப்பது நாள் வண்டி கொட்டகையில் நின்றால் மலிவான வேலைகூட மலிவாகாது.

கடிதத்தில் ரேடியேட்டரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. தண்ணீர் எங்கே போயிற்று? ஓட்டை ரேடியேட்டரிலா, ரப்பர் ஹோஸிலா, வாட்டர் பம்ப்பிலா? அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் எந்த எஞ்சினையும் வண்டியில் ஏற்ற வேண்டாம். ஏற்றிய பிறகு முதல் 800 கிலோமீட்டருக்கு, மணிக்கு அறுபதைத் தாண்டாமல், பாரம் ஏற்றாமல் ஓட்டி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் விடுங்கள். கல்யாண கோஷ்டியை அதற்கப்புறம் ஏற்றிக் கொள்ளலாம்.