மாண்டவருக்கும் முகம் உண்டு

துப்பறியும் நாவல் இலக்கியமாகாது என்று தீர்ப்பெழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வோர் ஒருபுறம். தொடர்கொலைகாரனின் மனத்தை அகழ்ந்து காட்டினாலே அது பேரிலக்கியம் என்று கொண்டாடுவோர் மறுபுறம். இவ்விரு சாராருடனும் நமக்கு உடன்பாடில்லை. முன்னவர் நூலைத் திறவாமலே பேசுகின்றனர். பின்னவரோ திறந்த நூலில் காண வேண்டியதைக் காணாது விடுகின்றனர்.

கொலைக் கதையில் இலக்கியக் கூறு எது? வருணனையா? உவமையா? கடைசிப் பக்கம் வரை அவிழாத முடிச்சா? இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் மேலான உரைகல் ஒன்று உண்டு. கதையில் மடிந்தவர் மனிதராக நிற்கிறாரா, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணப்படும் பிணமாகக் கிடக்கிறாரா என்பதே அது.

1888ஆம் ஆண்டு லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் ஏழைப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். 'ஜாக் தி ரிப்பர்' என்று பட்டம் சூட்டப்பெற்ற கொலையாளி பிடிபடவே இல்லை. அக்கொடுமையை அடியொற்றி மேரி பெல்லாக் லவுண்டஸ் என்னும் பெண்மணி 1913இல் 'தி லாட்ஜர்' என்ற நாவலை வெளியிட்டார். கதை கொலைகாரனின் கத்தியைப் பின்தொடரவில்லை. அவனுக்கு அறையை வாடகைக்கு விட்ட பண்டிங் தம்பதியரின் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பட்டினியின் விளிம்பில் நின்ற அவர்களுக்கு அவன் தந்த வாடகையே உயிர்ப்பிச்சை. நள்ளிரவில் அவன் வெளியேறும் ஓசை திருமதி பண்டிங்கின் செவியில் விழுகிறது. ஐயம் வலுக்கிறது, வாய் திறக்கவில்லை. துப்பறியும் இளைஞன் ஒருவன் அவ்வீட்டுக்கே விருந்தாளியாக வந்து போகிறான்; அவனிடமும் அவள் சொல்லவில்லை. பசி மனிதரின் நாவைக் கட்டிப்போடும்போது, அம்மௌனத்தின் விலையை உயிரால் கொடுப்பவர் யார்? இவ்வினாவை எழுப்பும் நூலை இலக்கியம் அன்று எனத் தள்ளுவது எந்த நியாயம்?

அடுத்த சாராரிடம் வருவோம். தாமஸ் ஹாரிஸ் 1988இல் எழுதிய 'தி சைலன்ஸ் ஆப் தி லாம்ப்ஸ்' நாவலைப் புகழ்வோர் பலரும், சிறைப்பட்டிருக்கும் கொலைகார மருத்துவன் ஹன்னிபல் லெக்டரின் புலமையிலேயே மயங்கி நிற்கின்றனர். அவன் சொன்ன குறிப்பு வழிகாட்டியது உண்மைதான். ஆனால் முடிச்சு அவிழ்ந்த இடம் எது? ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், முதலில் கொல்லப்பட்ட பிரடெரிக்கா பிம்மல் என்னும் எளிய பெண்ணின் அறை. புலனாய்வுத் துறையில் பயிற்சி பெறும் கிளாரிஸ் ஸ்டார்லிங் அங்கே சென்று, அவள் தையல் வேலை செய்தவள் என்பதை அறிகிறாள். அலமாரியிலிருந்த ஆடையின் வெட்டும், வேறொரு பெண்ணின் முதுகில் உரிக்கப்பட்ட தோலின் வடிவும் ஒத்திருப்பதைக் காண்கிறாள். கொலையாளி தோலைத் தைத்து ஆடை செய்கிறான் என்னும் உண்மை அக்கணம் விளங்குகிறது. மாண்டவளை மனுஷியாக மதித்து அவள் வாழ்வை அறிய முற்பட்டமையாலேயே உண்மை புலப்பட்டது. கதையின் கட்டுமானமும் அறமும் ஒன்றாகும் இடம் இது. நூலின் தலையாய இலக்கியக் கூறு இதுவே என்பது நமது துணிபு.

அதே ஆசிரியர் 1999இல் 'ஹன்னிபல்' எழுதினார். 2006இல் 'ஹன்னிபல் ரைசிங்' எழுதினார். கொலைகாரன் நாயகனானான். அவன் கையில் மடிவோர் பெரும்பாலும் மடியத் தக்கவர்களாகவே படைக்கப்பட்டனர். நம் இரக்கத்தைப் பெறுவதற்கென அவனுக்குத் துயரம் தோய்ந்த குழந்தைப் பருவமும் வழங்கப்பட்டது. ஏழைப் பெண்ணின் தையல் அறைக்கு நம்மை அழைத்துச் சென்ற எழுதுகோல், கொலைகாரனுக்குப் பல்லக்குத் தூக்கியது!

'கொலைகாரனின் உள்ளத்தை ஆராய்வது குற்றமா?' எனச் சிலர் கேட்பர். குற்றமன்று. 1866இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் தாஸ்தாயெவ்ஸ்கி நம்மைக் கொலைகாரனின் உள்ளத்திலேயே குடியிருத்தினார். ஆனால் அவன் கோடரிக்கு இரையான அப்பாவி லிசவேத்தாவை மறக்க விட்டாரா? அவள் அணிந்திருந்த சிலுவையைச் சோனியாவிடம் சேர்த்து, அவளைக் கதைக்குள் வாழவைத்தார் அல்லவா?

ரிப்பரின் பட்டப்பெயரை உலகறியும். அவனுக்கு இரையானோராகக் கருதப்படும் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐவரின் பெயர்களை அறிந்தோர் எத்துணைப் பேர்? ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் அவ்வைவரின் வாழ்க்கையையே ஒரு நூலாக எழுதினார்; கொலைகளை வருணிக்கவில்லை. வரலாற்றாசிரியர் செய்த இதனைக் கதாசிரியர் செய்ய இயலாதா?

மர்மக் கதை எழுதுவோரே, கொலையாளியை இறுதிவரை மறைத்து வையுங்கள்; அது உங்கள் தொழில். கொலையுண்டவரை மறைத்துவிடாதீர்கள்!