நீட்டிப் படுக்க இடம்

"பாம்பு சுருண்டுதானே கிடக்கிறது, அதற்கு எதற்குப் பெரிய கூண்டு?" அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்ப்போர் பலர் இன்றும் இப்படித்தான் கேட்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு மனம் ஆறவே இல்லை.

அங்கே வீடுகளில் பரவலாக வளர்வது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்தடி நீளம். குட்டி எடுத்து விற்பவர்கள் பிளாஸ்டிக் இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கிப்போகிறவர்களும் அதுவே போதுமென்று நம்பிவிடுகிறார்கள். இடம் பெரிதானால் பாம்பு மிரண்டு இரை எடுக்காதாம். மிரளும்தான். ஆனால் அது ஒளிய இடமில்லாமல் வரும் மிரட்சி. உடம்பு நாலு பக்கமும் உரசும்படி குறுகலான பொந்து மூலைக்கு ஒன்றாக இரண்டு, நடுவே மறைந்து போக இலைதழை, ஏற ஒரு கிளை வைத்துப் பாருங்கள். பெரிய கூண்டில் அது இரவெல்லாம் உலாவும்.

2019இல் கிளிஃபர்ட் வார்விக் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் காட்சிக்கூடப் பாம்புகளை ஒரு மணி நேரம் கவனித்து எழுதினார்கள். அந்தச் சிறு நேரத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை உடலை நேராகவோ கிட்டத்தட்ட நேராகவோ நீட்டிக்கொண்டன. நெருக்கடியில் அடைபட்ட பாம்பு வழி தேடி மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டே இருக்கும். முனையிலுள்ள செதில் உரிந்து, சதை சிவந்து தெரியும்.

சூட்டுக்கும் இடம் வேண்டும். பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் ஒரு முனை 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26 டிகிரி அளவில் இருந்தால் நல்லது. தின்றபின் வெப்பத்தை நாடும், போதுமென்றால் விலகிப் போகும். ஒன்றரை அடிப் பெட்டியில் சூடு மூலைமுடுக்கெல்லாம் பரவிவிட்டால் அது எங்கே விலகும்?

கூண்டின் நீளமும் அகலமும் கூட்டினால் பாம்பின் நீளம் வந்தால் போதும் என்றொரு பழைய கணக்கு உண்டு. அதன்படி, அகலம் நீளத்தில் பாதி என்றால், நாலடிப் பாம்பு 32 அங்குல நீளக் கூண்டில் காலம் தள்ள வேண்டும். நான் அதை ஏற்கவில்லை. கூண்டின் நீளமாவது பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. நாலடிப் பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். உயரம் வீண் என்பார்கள், ஆனால் காட்டில் இந்த இனம் மரமேறிப் பறவையும் பிடிக்கிறது.

கடையில் பார்க்கும்போது குட்டி ஓரடிதான் இருக்கும், இருபது முப்பது ஆண்டு வாழும். அதற்கு மேலும் வாழலாம்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் வந்த ஒன்று 2020இல் முட்டையிட்டது. ஆகவே பாம்பைப் பார்க்கப் போகுமுன் டேப்பை எடுத்து வீட்டுச் சுவரை அளந்துவிடுங்கள். நாலடி காலியாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.