கடைமுகங்கள் கூறும் சான்று

ஒரு நகரின் வரலாற்றை அரண்மனைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் தேடுவது உலக வழக்கம். ஆனால், அந்நகர மக்களின் அன்றாட வாழ்வு ரொட்டிக்கடையிலும் மளிகைக்கடையிலும் முடிதிருத்தகத்திலுமே நிகழ்ந்தது. அரண்மனை சிதைந்தால் அரசு செப்பனிடும். சிறுகடை மூடப்பட்டால் சில நாள்களில் பெயர்ப்பலகை மாறும். சில ஆண்டுகளில் நினைவும் மாறும். ஆதலின், மறையும் கடைகளை ஒளிப்படத்தில் பதிவுசெய்வது வரலாற்றுக் கடமையாகும். எனினும், கடையைப் பதிந்து அதை நடத்தியவரை மறந்தால் அக்கடமை பாதியே நிறைவேறும்.

பாரிசின் விடியற்காலை

பிரான்சு நாட்டின் யூஜீன் அட்ஜே (1857-1927) இப்பணியின் முன்னோடியருள் ஒருவர். நகர் மறுசீரமைப்பால் பாரிசின் பழைய தெருக்கள் அழிந்துவந்த காலம் அது. கனத்த மரக்கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு விடியற்காலையில் அவர் புறப்படுவார். கடைமுகப்புகளையும் தெருவணிகரையும் பதிவுசெய்து, அப்படங்களை ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்று வாழ்ந்தார். 1908இல் அவர் எடுத்த படமொன்றில், 'முரசு' எனப் பொருள்படும் பெயருடைய கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மனித முகங்கள் தெரிகின்றன. அம்முகங்களுக்கு உரியவர் யாவர்? அவர்கள் வாழ்வு எத்தகையது? படம் விடை கூறவில்லை.

அட்ஜே மறைந்தபின் அவருடைய படத்தொகுப்பைக் காத்தவர் அமெரிக்கரான பெரனிஸ் ஆபட். அவரே 1930களில் நியூயார்க் நகரின் மாற்றங்களைப் பதிவுசெய்தார். 1937இல் பிளீக்கர் தெருவின் ரொட்டிக்கடை ஒன்றைப் படமெடுத்தார். அக்கடை 2004இல் மூடப்பட்டது. இன்று அதன் பழைய தோற்றத்திற்கு அப்படம் சான்றாக நிற்கிறது.

உரிமையாளரின் குரல்

அதே நகரில் ஜேம்ஸ் முர்ரே, கார்லா முர்ரே இணையர் இப்பணியை மேலும் ஒரு படி உயர்த்தினர். சுவரோவியங்களைப் படமெடுக்கச் சென்ற அவர்கள், மீண்டும் சென்ற தெருக்களில் பழகிய கடைகள் மறைந்திருப்பதைக் கண்டனர். அதன்பின் கடைமுகப்புகளைப் படமெடுத்ததோடு, உரிமையாளர்களுடனும் உரையாடினர். 2008இல் வெளிவந்த அவர்களின் நூலில் படமும் சொல்லும் இணைந்தன.

அச்சொற்களே படத்தின் பொருளை முழுமையாக்கின. வாடிக்கையாளர் குறைந்ததால்தான் கடைகள் அழிகின்றன எனப் பலர் எண்ணுவர். ஆனால், நியூயார்க்கில் பல வீடுகளின் வாடகைக்குச் சட்ட வரம்பு உண்டு; கடை வாடகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. குத்தகைக் காலம் முடிந்ததும் வாடகை பன்மடங்கு உயரக்கூடும். நன்கு நடந்த கடையும் அதனால் மூடப்படும். தாங்கள் நிலைத்திருப்பதற்குக் கட்டடம் சொந்தமாக இருப்பதே காரணம் என உரிமையாளர் பலர் கூறினர். இவ்வுண்மையைப் பெயர்ப்பலகையின் படம் மட்டும் உணர்த்தாது.

மாற்றம் இயல்பே எனினும்

நகரம் அருங்காட்சியகமன்று, மாற்றம் அதன் இயல்பு என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. எல்லாக் கடைகளையும் காப்பது இயலாது. அட்ஜேயின் படங்களும் எக்கடையையும் காக்கவில்லை. ஆயினும், எது மறைந்தது, ஏன் மறைந்தது, அதனால் இழந்தவர் யார் என்பதை அறியாத சமூகம், மாற்றம் நல்லதா தீயதா என எவ்வாறு தீர்மானிக்கும்? மங்கிய வண்ணத்தின் அழகை மட்டும் போற்றும் படம் பார்ப்பவருக்கு ஏக்கத்தைத் தரும். உரிமையாளரின் சொல்லையும் ஏற்கும் படமே அறிவைத் தரும்.

கடை மூடப்பட்டபின் எடுக்கும் படத்தில் பூட்டிய கதவே எஞ்சும். ஆகவே, கடை திறந்திருக்கும்போதே அணுகுதல் வேண்டும். உரிமையாளரின் இசைவைப் பெறுதல் வேண்டும். தொடங்கிய ஆண்டு, தொழில், இடர்ப்பாடு ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டுப் பதிதல் வேண்டும். தம் உழைப்பால் ஒரு தெருவை வாழவைத்தவர், அத்தெருவின் வரலாற்றில் பெயரற்றவராய் மறைதல் முறையன்று.